83 குதிரையா, 120 குதிரையா? தினமும் மேடவாக்கம் வழியாகப் போகிறவருக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போகிறீர்கள், போக வர 40 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு திருநெல்வேலி. பார்த்து வைத்திருக்கும் கார் இரண்டு இன்ஜின்களில் வருகிறது: 83 குதிரைத்திறன் உள்ள 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல், 120 குதிரைத்திறன் உள்ள 1.0 லிட்டர் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி மாட்டியது). ஷோரூமில் "டர்போ எடுங்க சார், பவரும் இருக்கு, மைலேஜும் இருக்கு" என்கிறார்கள். வீட்டில் அப்பா "குதிரை கூடினா கொள்ளும் கூடும்" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

ஒரகடம் பக்கம் இன்ஜின் டெஸ்ட் செல்லில் (இன்ஜினைத் தனியாக ஓட்டிச் சோதிக்கும் அறை) பத்தொன்பது வருடம் காலிப்ரேஷன் வேலை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளைச் சரிசெய்யும் வேலை, பார்த்தவன் நான். உங்கள் அப்பா சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கொள்ளு எப்போது கூடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்த 120 என்ற எண்ணைப் பார்ப்போம். ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்து, இன்ஜினை நிமிடத்துக்கு 6000 சுற்றுக்குக் கொண்டுபோனால்தான் அது கிடைக்கும். கேம்ப் ரோட்டில் யாரும் 6000 சுற்றைப் பார்க்கப் போவதில்லை. குதிரைத்திறன் என்பது டார்க்கும் (இன்ஜின் சுழற்றும் விசை) சுற்றும் சேர்ந்த பெருக்கல்தான். டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து, சுற்றால் பெருக்கி, 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். அதை 1.36-ஆல் பெருக்கினால் குதிரைத்திறன். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ப்ரோஷரைப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஹூண்டாயின் 1.0 டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 1500 சுற்றிலேயே. கணக்குப் போட்டால் அந்த இடத்தில் 37 குதிரைத்திறன் வருகிறது. அவர்களுடைய 1.2 இன்ஜினின் உச்ச டார்க் 114, அது வருவது 4000 சுற்றில். 1500 சுற்றில் தாராளமாக 100 என்று வைத்தாலும் 21 குதிரைத்திறன்தான். சிக்னலில் பச்சை விழுந்து இரண்டாவது கியருக்கு மாற்றும்போது உங்கள் கால் உணர்வது இந்த 37-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசத்தை. டர்போ வண்டியை ஓட்டிப் பார்த்தவர்கள் "என்ன பிக்கப்!" என்று சொல்வது இதனால்தான்.

சரி, ஓடுவதற்கு எவ்வளவு வேண்டும்? ஆட்களோடு சேர்த்து 1150 கிலோ எடையுள்ள ஒரு சாதாரண ஹேட்ச்பேக், சமதளத்தில், 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக 10 குதிரைத்திறன் போதும். 100-க்கு 16, 17. 120-க்கு 26. காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் சேர்ந்த கணக்கு இது. திண்டிவனம் தாண்டி 100-ல் போய்க்கொண்டிருக்கும்போது உங்கள் 83-ல் ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. 120-ல் ஏழில் ஒரு பங்கு.

இங்கேதான் பெட்ரோல் இன்ஜினின் பெரிய பலவீனம் வருகிறது. வேலை குறையக் குறைய அதன் திறமையும் குறையும். காற்றுப் பாதையில் த்ராட்டில் என்று ஒரு மூடி இருக்கிறது. நீங்கள் மெதுவாக மிதிக்கும்போது அது முக்கால்வாசி மூடியிருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே பிஸ்டன் பாடுபட வேண்டும். கசங்கிய ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், புரியும். நல்ல பெட்ரோல் இன்ஜின் தன் சிறந்த இடத்தில், அதாவது நடுத்தர சுற்றில் முக்கால்வாசி சுமையில், ஒரு யூனிட் (கிலோவாட் மணி) வேலைக்கு 250 கிராம் பெட்ரோல் குடிக்கும். எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தை நோக்கிப் போகிறது என்று அர்த்தம். அதே இன்ஜின் ஊர்ந்து போகும் போக்குவரத்தில் 450 கிராம் வரை குடிக்கும். அப்போது ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

பெரிய இன்ஜினைச் சின்னதாக்கி டர்போ மாட்டும் யோசனை பிறந்தது இதற்காகத்தான். இன்ஜின் சின்னதாக இருந்தால் அதே 16 குதிரைத்திறனுக்கு அது தன் கொள்ளளவில் அதிகப் பங்கு உழைக்க வேண்டும். மூடி கொஞ்சம் திறந்திருக்கும். உறிஞ்சும் நஷ்டம் குறையும். தேவைப்படும்போது மட்டும் டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும். 1.5 லிட்டரின் வேலையை 1.0 லிட்டர் செய்வது இப்படித்தான். யோசனை நல்ல யோசனை.

அதற்கு ஒரு விலை உண்டு. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டெஸ்ட் செல்லில் இன்ஜினை டைனமோமீட்டரோடு (சுமை கொடுத்துத் திறனை அளக்கும் கருவி) கோர்த்து, விளக்கை அணைத்துவிட்டு, முழுச் சுமையில் 5500 சுற்றில் ஓடவிடுவோம். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புகை வெளியேறும் குழாயான மேனிஃபோல்டும் டர்போவின் வெளிக்கூடும் முதலில் மங்கலான சிவப்பாகும், பிறகு கொல்லன் உலையில் பழுத்த இரும்பு மாதிரி ஆரஞ்சாகும். புகையின் வெப்பம் 900 டிகிரியைத் தாண்டும்போது கம்ப்யூட்டர் ஒரு முடிவெடுக்கும்: தேவைக்கு மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். அந்த விகிதத்தை மீறிப் போகும் பெட்ரோல் எரிவதற்காகப் போவதில்லை, சூட்டைத் தணிக்கப் போகிறது. திரையில் எரிபொருள் அளவி ஏறும், குதிரைத்திறன் கோடு அப்படியே நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. உங்கள் அப்பா சொல்லும் கொள்ளு இதுதான். புது இன்ஜின்களில் குளிரூட்டிய புகையைத் திரும்ப உள்ளே விடுவது, மேனிஃபோல்டைத் தண்ணீர் ஓடும் சிலிண்டர் தலைக்குள்ளேயே வார்ப்பது என்று இதைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். முழுவதுமாகப் போய்விடவில்லை.

இன்னொரு விலை, அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்ற கணக்கு. டர்போ காற்றைத் திணிப்பதால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வராமல் இருக்க அழுத்த விகிதத்தை 10 அல்லது அதை ஒட்டி வைக்க வேண்டியிருக்கிறது. மாருதியின் 1.2 டூயல்ஜெட் மாதிரி சாதாரண இன்ஜின்களில் 12 வரை போகலாம். விகிதம் கூடினால் சிக்கனம் கூடும். ஆக டர்போ ஊதாத நேரத்தில், அதாவது நகரத்தில் ஊர்ந்து போகும்போது, டர்போ இன்ஜின் சற்றுப் பின்தங்கித்தான் நிற்கும்.

இப்போது ப்ரோஷரில் இருக்கும் மைலேஜ். அது பொய் இல்லை, ஆனால் அது வேறு ஊரில் ஓட்டிய வண்டி. ரோலர் மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, 1180 வினாடி ஓடும் ஒரு வரைபடத்தின்படி ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90. சராசரி 32 சொச்சம். அந்த வரைபடத்தில் நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 26 வினாடி கொடுத்திருக்கிறார்கள். கத்திப்பாராவில் 26 வினாடி எடுத்துக்கொண்டு 50-க்குப் போய்ப் பாருங்கள், பின்னால் வரும் எம்.டி.சி. பஸ் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு மென்மையாக மிதித்தால் டர்போ கிட்டத்தட்ட விழிப்பதே இல்லை. அதனால் டர்போவின் எண் அழகாக வருகிறது.

இதற்கு நல்ல உதாரணம் 2023-ல் வந்த ஹூண்டாய் வெர்னா. ஒரே வண்டி, ஒரே 1.5 லிட்டர். சாதாரண இன்ஜின் 115 குதிரைத்திறன், மேனுவல் கியரில் சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 18.6 கிலோமீட்டர். டர்போ 160 குதிரைத்திறன், மேனுவலில் 20. குதிரை 45 கூடியும் மைலேஜ் ஏறியிருக்கிறது! டர்போவில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது, டார்க் கீழேயே கிடைக்கிறது, அதனால் குறைந்த சுற்றில் இழுக்க முடிகிறது. ஷோரூம்காரர் உங்களிடம் சொன்னதும் இந்த மாதிரி எண்ணை வைத்துத்தான். ஆனால் அந்த 160-ஐ ரசிப்பதற்காக வாங்குகிறவர் அதை மிதிக்காமல் இருக்க மாட்டார்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம் மாருதி ஸ்விஃப்ட். 2021-ல் நாலு சிலிண்டர், 90 குதிரைத்திறன், மேனுவலில் 23.20. 2024-ல் மூன்று சிலிண்டர், 82 குதிரைத்திறன், 24.80. எட்டுக் குதிரையைக் குறைத்துவிட்டார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். டார்க்கைப் பாருங்கள்: 113 இருந்தது 112 ஆனது, அவ்வளவுதான். யாரும் போகாத உச்சச் சுற்றில் இருந்ததை வெட்டிவிட்டு, தினமும் புழங்கும் இடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரு சிலிண்டர் குறைந்தால் உராயும் பரப்பும் குறைகிறது. இன்ஜின் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது மிக நேர்த்தியான சமரசம். லேசான அதிர்வு வரும், அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

கம்பெனிகள் ஏன் இப்படி இரண்டு பக்கமும் இழுபடுகின்றன என்பதற்கு இன்ஜினுக்கு வெளியே இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வரி. 2006 பட்ஜெட்டிலிருந்தே நாலு மீட்டர் நீளத்துக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார் சின்னக் கார் என்று சலுகை பெறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. ஆகவே சின்னக் காரில் அதிகக் குதிரைத்திறன் வேண்டுமென்றால் சி.சி.யைக் கூட்ட வழியில்லை, டர்போதான் வழி. இன்னொன்று புகைக் கட்டுப்பாடு. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு 2022-23 முதல் கிலோமீட்டருக்கு 113 கிராமுக்குள் இருக்க வேண்டும். வண்டியின் எடையைப் பொறுத்து கம்பெனிக்குக் கம்பெனி இலக்கு கொஞ்சம் மாறும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வருகிறது. அப்படியானால் சராசரியாக லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் காட்டியாக வேண்டும்.

நம்ம ரோட்டுக்கு வருவோம். மைலேஜைத் தின்பது எது என்று கேட்டால் நான் இன்ஜினைக் காட்ட மாட்டேன், பிரேக்கைக் காட்டுவேன். 1200 கிலோ வண்டி 60-ல் போகிறது. முன்னால் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது, பிரேக் அடிக்கிறீர்கள். மறுபடி 60-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 மில்லி பெட்ரோல் வேண்டும். நாலு டீஸ்பூன். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் ஜங்ஷன் வரை எத்தனை தடவை பிரேக் அடிக்கிறீர்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஐம்பது தடவை என்றால் ஒரு லிட்டர், பிரேக் பேடில் சூடாகி ஆவியாகிவிட்டது. 83 ஆனாலும் 120 ஆனாலும் இந்த நஷ்டம் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், பிக்கப் இருக்கும் வண்டியில் அடுத்த வண்டியின் வால் வரை 60-க்கு ஏற்றிவிடுவோம். பிக்கப் குறைந்த வண்டியில் 45-லேயே காலை எடுத்துவிடுவோம். என் மச்சான் டர்போ ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறார். ஊருக்குள் 11 வருகிறது, அதே வண்டி திருச்சி ரோட்டில் 18 காட்டுகிறது. மாமனார் ஓட்டினால் ஊருக்குள்ளேயே 13. அவர் அவசரப்படவே மாட்டார்.

கூடவே ஏ.சி. கத்திரி வெயிலில் கம்ப்ரசர் மூன்று குதிரைத்திறனை விழுங்கும். 100-ல் போகும்போது அது பெரிதில்லை. ஆனால் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் வண்டிக்கே ஒரு குதிரைத்திறன்கூடத் தேவையில்லை என்ற நிலையில், ஏ.சி.தான் முக்கியச் சுமை, கார் அதற்குப் பிறகு. சென்னையில் மே மாதம் மைலேஜ் விழுவதற்கு இன்ஜினைத் திட்டிப் பயனில்லை.

பெட்ரோல் காரில், பிரேக்கில் வீணாகும் அந்த நாலு டீஸ்பூனை ஓரளவாவது திரும்பப் பிடிக்கும் ஒரே வழி, இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். பிரேக் அடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். ஊர்ந்து போகையில் இன்ஜின் அணைந்தே கிடக்கும். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிடில் (மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) இருக்கும் 1.5 இன்ஜின் 92 குதிரைத்திறன்தான், மோட்டாரோடு சேர்ந்து 116. சான்றளித்த மைலேஜ் 27.97. அதில் இருப்பது அட்கின்சன் முறை: உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, விரிவை மட்டும் முழுதாகப் பயன்படுத்துவது. ஜேம்ஸ் அட்கின்சன் 1880-களிலேயே போட்ட அடிப்படை இது. இப்படிச் செய்தால் சிக்கனம் ஏறும், ஆனால் கீழ்ச்சுற்றில் இழுவை செத்துப்போகும். அந்தப் பள்ளத்தை மோட்டார் நிரப்புகிறது. குதிரைத்திறனையும் மைலேஜையும் ஒன்றோடொன்று சண்டை போட விடாமல் இரண்டு ஆட்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நகரத்துக்கு இதைவிட நல்ல விடை பெட்ரோல் காரில் இன்றைக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ஓட்டத்தை வைத்தே கணக்குப் போடலாம். வருடத்துக்கு நகரத்தில் 12,000, திருநெல்வேலிக்கு 14,400 கிலோமீட்டர். என் அனுபவத்தில் நகரத்தில் 1.2-க்கு 13, டர்போவுக்கு 11, ஹைபிரிடுக்கு 22 என்று வைக்கிறேன். நெடுஞ்சாலையில் 90-லிருந்து 100 வரை சீராகப் போனால் 1.2-ம் டர்போவும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை, இரண்டுக்கும் 18.5, ஹைபிரிடுக்கு 22. பெட்ரோலை 100 ரூபாய் என்று முழுமையாக்கிக்கொண்டால், 1.2-ஐவிட டர்போவுக்கு வருடம் 17,000 ரூபாய் கூடுதல் செலவு. ஹைபிரிடுக்கு 50,000 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசத்தை இந்த எண்ணால் வகுத்தால் எத்தனை வருடம் என்று தெரிந்துவிடும். ஏழு எட்டு வருடம் வண்டியை வைத்திருப்பவர் என்றால் ஹைபிரிடை ஒதுக்கிவிட வேண்டாம். மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்தால், கலக்காத பெட்ரோலோடு ஒப்பிடும்போது சக்தி 7 சதவீதம் வரை குறையும். புது வண்டியில் ப்ரோஷர் எண் வராததற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல பக்கமும் உண்டு: எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். டர்போ இன்ஜினுக்கு அது உண்மையிலேயே உதவும்.

கியர்பாக்ஸ் தனிக் கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் டபுள் கிளட்ச் பெட்டி நெடுஞ்சாலையில் அருமை, ஆனால் ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காகப் பாதையைக் குறுக்கிய இடங்களில் அரை மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச் சூடாகும். தினமும் அப்படி ஊர்கிறவர் சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) பக்கம் போவது நிம்மதி.

உங்களுக்கு என் பதில்: இந்த இரண்டுக்குள் என்றால் 1.2-ஐ எடுங்கள். நீங்கள் திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலை முழுக்க நாலு வழிப் பாதை. எதிரே லாரி வரும் ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முந்த வேண்டிய நிலை அங்கே இல்லை. 120-ல் போகாமல் 100-ல் போங்கள், கிலோமீட்டருக்கு வேண்டிய சக்தி கால் பங்கு குறையும். ஆனால் நாலு பேரோடும் சாமான்களோடும் அடிக்கடி ஏற்காடு, கொல்லிமலை என்று போகிற குடும்பமாக இருந்தால் என் பதில் மாறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் 1.2 இன்ஜினை முதல் கியரில் கதறவிடுவதைவிட, டர்போ 2000 சுற்றில் அமைதியாக ஏறிவிடும். அந்த மாதிரி ஏற்றத்தில் பெட்ரோல் கணக்கைவிட ஓட்டுபவரின் நிம்மதி பெரிது. அவருக்கு டர்போ வீண்செலவே இல்லை.

டெஸ்ட் டிரைவுக்குக் காலையில் தனியாகப் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யை முழுதாக வைத்து, மேடவாக்கம் மேம்பாலம் ஏறுங்கள். பாலத்தின் அடியில் 30-ல் மூன்றாவது கியரில் இருக்கும்போது மிதித்துப் பாருங்கள். 1.2 திணறாமல் ஏறிவிட்டால் மேலே யோசிக்க வேண்டாம். கியரைக் குறைக்க வேண்டியிருந்தாலும் குறைத்தபின் உங்களுக்கு எரிச்சல் வராவிட்டால் அதுவும் சரிதான். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பின்சீட்டில் உட்கார்ந்து அவர் சொல்வதையும் கேளுங்கள்.